உப்பு மண்ணுக்கு மருந்து குப்பை!

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது பழமொழி.

சமையல் அறையில் அது சரி. வயலில் கதையே வேறு. அங்கே உப்பு ஏறினால் பயிர் குப்பைக்குப் போகிறது. ஆனால், அந்த நிலத்தைக் காப்பாற்றக் கை கொடுப்பதும் குப்பைதான்!

தெருவில் கிடக்கும் குப்பையைச் சொல்லவில்லை. மாட்டுச் சாணம், இலை தழை, வைக்கோல் எல்லாம் எருக்குழியில் மக்கிக் கறுப்பாகிறதே, அந்தக் குப்பை. அதோடு பசுந்தழையும், கண்ணுக்குத் தெரியாத சில நுண்ணுயிர்களும் சேர்ந்தால் உப்பு மண்ணிலும் நெல் விளையும்.

இது வெறும் பேச்சு அல்ல. நம் தமிழ்நாட்டுக் கடற்கரையிலேயே நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான்.

சுமத்ரா தீவுக்கு அருகே கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தது. சில மணி நேரத்தில் சுனாமி அலை நம் கரையில் மோதியது. அப்போதைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

உயிர்களைக் கொண்டு போன கடல், வயல்களையும் விடவில்லை. சம்பா பயிர் நின்ற காலம் அது. கடல் நீர் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலத்தில் புகுந்தது. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் வடிந்தது. உப்பும், சேறும், மணலும் வயலில் தங்கின.

"இனிமேல் இந்த மண்ணில் என்ன விளையும்?" என்று கையை விரித்தவர்கள் பலர்.

ஆனால் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. விவசாயிகள், வேளாண்மைத் துறையினர், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினர், தொண்டர்கள் எல்லாரும் வயலில் இறங்கினார்கள். இயற்கை விவசாயத்துக்காக ஊர் ஊராகச் சென்று பேசிய கோ. நம்மாழ்வாரும் தம் தோழர்களோடு அங்கே போய் உழைத்தார். வரப்புகளை உயர்த்தினார்கள். மழை நீரைத் தேக்கி வடித்தார்கள். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதார்கள். எருவும் இட்டார்கள். 2005-ம் ஆண்டு வடகிழக்குப் பருவ மழை கொட்டித் தீர்த்தது. அது பெரிய உதவி.

ஓரிரு ஆண்டுகளில் பல வயல்களில் மீண்டும் நெற்கதிர் தலை சாய்ந்தது!

ஒரு குடும்பத்தின் கவலை

சுனாமியோடு உப்புத் தொல்லை தீர்ந்துவிடவில்லை. 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி 'கஜா' புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அப்போதும் கடலோரத்தில் உப்பு நீர் புகுந்த நிலங்கள் உண்டு.

கடல் இல்லாத ஊர்களிலும் உப்பு நிலம் இருக்கிறது. இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் எக்டேர் என்பது கணக்கு. ஒரு எக்டேர் என்பது இரண்டரை ஏக்கர். தமிழ்நாட்டில் மட்டும் மூன்றரை லட்சம் எக்டேருக்கு மேல்.

இந்தக் கணக்குக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. வேதாரண்யம் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு கணவனையும் மனைவியையும் நினைத்துக்கொள்ளுங்கள். இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் கஷ்டம் கற்பனை அல்ல.

உப்பு நிலத்துக்கு நுண்ணுயிர் உரம் நல்லது என்று யாரோ சொன்னார்கள். மனைவி தோட்டை அடகு வைத்தாள். கணவன் உரப் பொட்டலங்களை வாங்கி வந்து வயலில் தூவினான். நாற்று நட்டார்கள். பத்தே நாளில் நுனி கருகிற்று. பயிர் செத்தது.

"ஏங்க, தோட்டை வச்சுத்தானே அம்புட்டும் வாங்கிப் போட்டோம்? ஒண்ணுமே தேறலையே!"

"எல்லாம் நம்ம தலையெழுத்து. வந்த விலைக்கு நிலத்தை வித்துப்புட்டு, திருப்பூர்ப் பக்கம் போயிடலாம்."

"தாத்தா காலத்து நிலமுங்க. வித்துப்புட்டா திரும்பி வருமா?"

உரம் கெட்டதா? இல்லை. நிலம் செத்துவிட்டதா? அதுவும் இல்லை. பிறகு என்ன தவறு?

அதைத் தெரிந்துகொள்ள, முதலில் உப்பு என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

தண்ணீர் இருந்தும் தாகம்

வீட்டில் மாங்காய் ஊறுகாய் போடுகிறீர்கள். துண்டுகளில் உப்பைத் தூவி ஜாடியில் வைக்கிறீர்கள். மறுநாள் பார்த்தால் ஜாடியில் நீர் ததும்புகிறது. மாங்காய் சுருங்கிவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வந்தது? மாங்காயில் இருந்த நீரை உப்பு இழுத்துவிட்டது.

வயலிலும் இதே கதைதான். மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வயலில் நீர் நிற்கும். ஆனாலும் பயிர் தாகத்தால் வாடும்!

உப்பு செய்யும் கேடு அதோடு நிற்கவில்லை. உப்பில் சோடியம் என்ற பொருள் இருக்கிறது. அது களிமண்ணோடு ஒட்டிக்கொண்டால் மண்ணின் கட்டுக்கோப்பு குலைந்துவிடும். ஈரத்தில் கூழாகும். காய்ந்தால் கல்லாகும். காற்றும் தண்ணீரும் உள்ளே போக வழி அடைபடும். வேர் மூச்சு முட்டிப் போகும்.

கோடையில் வயலின் மேல் வெள்ளை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது அல்லவா? அதுபோல மண், அடியில் உள்ள உப்பு நீரை மேலே இழுக்கிறது. வெயிலில் நீர் ஆவியாகிறது. உப்பு மட்டும் மேலே தங்கிவிடுகிறது. அதனால்தான் உப்பு நிலத்தைக் கோடையில் வெறுமையாகப் போடக் கூடாது. வைக்கோலோ இலை தழையோ போட்டு மூடி வைப்பது நல்லது.

உவரா, களரா?

உப்பு நிலம் எல்லாம் ஒன்று அல்ல.

நீரில் கரையும் உப்புகள் மிகுந்திருந்தால் அது உவர் நிலம். நல்ல தண்ணீரால் கழுவினால் உப்பு போகும். சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தால் அது களர் நிலம். அதைத் தண்ணீர் மட்டும் தீர்க்காது. சில நிலங்களில் இரண்டும் கலந்திருக்கும்.

எது என்று கண்ணால் பார்த்துத் தீர்மானிப்பது கடினம். மண் பரிசோதனை செய்துவிட வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, அதிலிருந்து அரை கிலோவைத் துணிப் பையில் போட்டு, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

வருகிற அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். 'கார அமில நிலை' 8.5-க்கு மேல் இருந்தால் களர்த் தன்மை இருக்கலாம். உப்பைக் காட்டும் எண்ணுக்கு 'மின் கடத்தும் திறன்' என்று பெயர். அது மிகுந்தால் உவர். விவரம் புரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டு போய்ப் பரிசோதியுங்கள். இறைக்கும் தண்ணீரே உப்பாக இருந்தால், கழுவக் கழுவ உப்புதானே சேரும்?

முதலில் வடிகால்

இதுதான் முக்கியமான விஷயம். குப்பை உப்பைத் தின்னாது. உப்பு வெளியேற வழி செய்யும். அவ்வளவுதான். வெளியே கொண்டு போக வேண்டியது தண்ணீர்.

ஆகையால் முதல் வேலை வரப்பும் வடிகாலும். வயலைச் சமப்படுத்திச் சிறு பாத்திகளாகப் பிரிக்க வேண்டும். மேலே பூத்திருக்கும் வெள்ளை உப்பை மழைக்கு முன்பே சுரண்டி அப்புறப்படுத்தலாம். அதைப் பக்கத்து வயலில் கொட்டிவிடக் கூடாது! மழை நீரையோ ஆற்று நீரையோ வயலில் தேக்கி, கலக்கி, இரண்டொரு நாள் வைத்திருந்து வடித்துவிட வேண்டும். இப்படிப் பல முறை செய்ய வேண்டும். உப்பு கரைந்து வாய்க்கால் வழியாக வெளியே போகும்.

களர் நிலம் என்றால் ஜிப்சம் தேவைப்படும். ஜிப்சம் பூமியில் கிடைக்கும் ஒரு தாதுப் பொருள். அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து, மண்ணோடு ஒட்டிய சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரோடு போய்விடும். எவ்வளவு போடுவது என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்காரர் போட்ட அளவு நம் நிலத்துக்குப் பொருந்தாது.

தக்கைப்பூண்டின் வேலை

அடுத்தது பசுந்தாள் உரம். உப்பு நிலத்தில் தாக்குப் பிடிக்கும் செடி தக்கைப்பூண்டு.

ஏக்கருக்கு 20 கிலோ விதை போதும். நாற்பத்தைந்து, ஐம்பது நாளில் ஆள் உயரத்துக்குக்கூட வளரும். நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 8 முதல் 10 டன் வரை தழை கிடைக்கும். பூக்கத் தொடங்கும்போது வயலில் நீரைக் கட்டி, செடியை மடக்கி உழுதுவிட வேண்டும். ஒரு வாரம், பத்து நாள் அழுகவிட்டு நாற்று நடலாம்.

தக்கைப்பூண்டு மூன்று வேலை செய்கிறது. நிற்கும்போது அதன் வேர், இறுகிய மண்ணைத் துளைத்து வழி உண்டாக்குகிறது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் சேர்க்கின்றன. அழுகும்போது கரியமில வாயு உண்டாகி, மண்ணில் கரையாமல் கிடக்கும் சுண்ணாம்பைக் கரைக்கிறது. அந்தச் சுண்ணாம்பு சோடியத்தைத் தள்ளுகிறது. ஜிப்சம் செய்யும் வேலையைத் தழையும் ஓரளவு செய்துவிடுகிறது!

பிறகு தொழு உரம். ஏக்கருக்கு 5 டன் போடுவது நல்லது. நன்றாக மக்கியதாக இருக்க வேண்டும். மக்கிய எரு மண் துகள்களைப் பொலபொலவென்று பிரித்து வைக்கும். தண்ணீர் இறங்கும். உப்பும் அதோடு இறங்கும்.

ஓர் எச்சரிக்கை. அடுப்புச் சாம்பலைக் களர் நிலத்தில் கொட்டாதீர்கள். சாம்பலும் காரம் உள்ளது. களர் இன்னும் மோசமாகும். கோழி எருவிலும் உப்பு உண்டு. அதை அளவோடு போட வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

இப்போதுதான் நுண்ணுயிர் உரத்தின் முறை.

காற்றில் ஐந்தில் நான்கு பங்கு தழைச்சத்துதான். ஆனால் பயிரால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. அதைப் பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர் அசோஸ்பைரில்லம். பிரேசில் நாட்டில் ஜோஹன்னா டோபரைனர் என்ற பெண் விஞ்ஞானி 1970-களில் இதை ஆராய்ந்து உலகத்துக்கு எடுத்துக் காட்டினார். மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுப்பது பாஸ்போபாக்டீரியா. வேரோடு ஒட்டி வளரும் ஒரு வகைப் பூஞ்சாணமும் உண்டு. வேர் எட்டாத இடத்திலிருந்தும் அது சத்தை இழுத்து வரும்.

உப்பு மண்ணில் இவற்றுக்கு வேறு ஒரு வேலையும் இருக்கிறது. சில நுண்ணுயிர்கள் ஒரு வகைப் பசையைச் சுரக்கின்றன. அந்தப் பசை சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அது வேருக்குள் போவதைக் குறைக்கிறது. வேர் நன்றாகக் கிளைவிட உதவும் பொருள்களையும் இவை சுரக்கின்றன. வேர் பெருத்தால் பயிர் உப்பைத் தாங்கும்.

நீலப்பச்சைப் பாசியையும் மறக்கக் கூடாது. வட இந்தியாவில் களர் நிலங்களில் மழை நீரைத் தேக்கிப் பாசி வளர்த்தால் மண் திருந்துகிறது என்று ஆர். என். சிங் என்ற இந்திய விஞ்ஞானி 1950-ம் ஆண்டிலேயே எழுதினார்.

சரி, நுண்ணுயிர் உரத்தை எப்படி உபயோகிப்பது? நெல்லுக்கு, ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம் 4 பொட்டலம், பாஸ்போபாக்டீரியா 4 பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொட்டலம் 200 கிராம். அவற்றை 10 கிலோ மக்கிய எருவோடும் 10 கிலோ மண்ணோடும் கலந்து, நடவுக்கு முன் தூவ வேண்டும். நாற்றையும் நனைக்கலாம். ஒவ்வொன்றிலும் 2 பொட்டலத்தைச் சுமார் 16 லிட்டர் நீரில் கரைத்து, நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் ஊறவைத்து நட வேண்டும். நடவுக்கு வரும் பெண்கள் இதைச் சுலபமாகச் செய்துவிடுவார்கள்.

கேழ்வரகுக்கு அசோஸ்பைரில்லத்தையும், உளுந்துக்கு ரைசோபியத்தையும் விதையோடு கலக்கலாம். ஆறிய கஞ்சியில் உரத்தைக் குழைத்து, விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும்.

இவை உயிருள்ள உரங்கள் என்பதை நினைவில் வையுங்கள். வெயிலில் வைத்தால் செத்துவிடும். ரசாயன உரத்தோடும் பூச்சி மருந்தோடும் கலந்தாலும் சாகும். வாங்கும்போதே பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் படித்துப் பாருங்கள். தேதி கடந்திருந்தால் வாங்காதீர்கள்.

எங்கே பிசகு?

இப்போது அந்தக் கணவன் மனைவியிடம் திரும்புவோம். அவர்கள் செய்த தவறு விளங்குகிறது அல்லவா?

மண்ணைப் பரிசோதிக்கவில்லை. உப்பை வடிக்கவில்லை. எருவும் தழையும் போடவில்லை. உப்பு பூத்த வெறும் மண்ணில் நுண்ணுயிரைத் தூவினார்கள். அதற்குத் தின்ன ஒன்றும் இல்லை. பசித்த வேலைக்காரனை உப்பளத்தில் நிறுத்தி, "வேலை செய்" என்றால் அவன் என்ன செய்வான்?

முதலில் வடிகால், பிறகு தழையும் எருவும், அதன் பிறகு நுண்ணுயிர். இந்த வரிசை மாறினால் காசு வீண்.

விதையிலும் கவனம் வேண்டும். உப்பைத் தாங்கும் நெல் வகைகள் இருக்கின்றன. திருச்சி 1, திருச்சி 3, கோ 43 போன்றவை ஆராய்ச்சி நிலையங்கள் தந்தவை. குழியடிச்சான் நம் கடலோர விவசாயிகள் காத்து வந்த பழைய ரகம். கேரளத்தின் கடலோரத்தில் பொக்காளி நெல் இருக்கிறது. இளநாற்று உப்பைத் தாங்காது. அதனால் கொஞ்சம் முதிர்ந்த நாற்றாக, குத்துக்கு மூன்று நான்கு நாற்று வைத்து நட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் உப்பை வடிக்கும்போது மறுபக்கம் உப்பு வந்துகொண்டே இருந்தால் பயன் இல்லை. கடலோரத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டு அளவில்லாமல் இறைத்தால், நிலத்தடியில் கடல் நீர் உள்ளே வரும். வயலுக்கு அருகே உப்பு நீர் தேக்கும் இறால் பண்ணை இருந்தால் கசிவு வரும். இறால் பண்ணைகளை எதிர்த்து எஸ். ஜெகந்நாதன் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1996-ம் ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஊர் ஒன்று கூடிச் செய்ய வேண்டிய காரியங்களும் உண்டு. பொது வடிகாலைத் தூர் வாருவது அவற்றில் ஒன்று.

ஓர் ஆண்டு பொறுத்தால்

அந்தக் குடும்பம் நிலத்தை விற்காமல் ஓர் ஆண்டு பொறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

மாசியில் மண்ணைப் பரிசோதிக்கிறார்கள். கோடையில் வரப்பைக் கட்டி, வடிகால் வெட்டி, எருவைச் சேர்த்து வைக்கிறார்கள். மழையும் ஆற்று நீரும் வந்ததும் தேக்கி வடிக்கிறார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறார்கள். பிறகு வேர் நனைத்து நாற்று நடுகிறார்கள்.

முதல் போகத்தில் களஞ்சியம் நிரம்பாது. சில இடங்களில் சொட்டை விழும். அந்தச் சொட்டைகளில் இன்னும் கொஞ்சம் எரு போட வேண்டும். அடுத்த ஆண்டு சொட்டை சுருங்கும். மீட்க வேண்டிய தோடு அடகுக் கடையிலேயே இன்னும் சில மாதம் இருக்கலாம். ஆனால் நிலம் கையில் இருக்கும்.

கல்லாதவரை ஒன்றும் விளையாத களர் நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். அந்தக் காலத்தில் களரைத் திருத்துவது அவ்வளவு கடினமாகத் தோன்றியிருக்க வேண்டும்.

இன்று களரிலும் கதிர் விளைகிறது. நாற்பது வயதில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியவரும் இந்தப் பக்கத்தைக் கடைசி வரி வரை படித்துவிட்டார். இரண்டுக்கும் வழி ஒன்றுதான். கைவிடாமல் இருக்க வேண்டும்!